மூன்றாவது சட்டி

நாச்சிமுத்துவுக்கு வீம்பு எப்போது வந்தது என்று கேட்டால் கந்தம்மாளுக்குச் சொல்லத் தெரியாது. அவள் தாலி கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் கால் வைத்த அன்றைக்கே அது அங்கே இருந்தது. மாமனார் செத்தபோது நிலம் இரண்டாகப் பிரிந்தது, பண்டபாத்திரம் பிரிந்தது, வீம்பு மட்டும் பிரியாமல் முழுசாக மூத்த மகனுக்கே வந்து சேர்ந்தது.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டை ஒட்டிய ஊர் அது. அங்கே ஒரு குடும்பத்தின் வசதியை விசாரிக்கிறவர்கள் எத்தனை ஏக்கர் என்று கேட்க மாட்டார்கள். எத்தனை ஏர் என்றுதான் கேட்பார்கள். பெண் கேட்டு வந்தாலும் ஏர்தான், கோயில் நோம்பியில் யாருக்கு முதல் மரியாதை என்றாலும் ஏர்தான். நாச்சிமுத்துவின் அப்பன் காலத்தில் அவர்களுடையது மூணேர்க் குடும்பம். பங்கு பிரிந்தபோது ஒரு ஜோடி எருதை விற்றுவிட்டு அண்ணனுக்கு ஓரேர், தம்பிக்கு ஓரேர் என்று ஆயிற்று. தம்பி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அவன் பெண்டாட்டி செல்லாயி இரண்டு பெண்குழந்தைகளோடு பக்கத்து வீட்டில் இருந்தாள். அவள் காட்டையும் நாச்சிமுத்துதான் உழுது கொடுத்துக்கொண்டிருந்தான்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் கோடையில் மாடுகளுக்கு வெக்கை நோய் வந்தது. நாச்சிமுத்துவின் ஜோடியில் ஒன்று செத்தது, செல்லாயியின் ஜோடியில் ஒன்று செத்தது. மிச்சம் நின்றது அவனுடைய மயிலையும் அவளுடைய செவலையும். உயரத்திலும் சேரவில்லை, நடையிலும் சேரவில்லை. வேறு வழியில்லாமல் இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டிப் பழக்கினார்கள். மூணேர்க் குடும்பம் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஓரேர்க் குடும்பமாகிவிட்டது. ஊருக்கே தெரிந்த இந்தக் கணக்கு நாச்சிமுத்துவுக்கு மட்டும் தெரியாது. சந்தையில் யாராவது புது ஆள் விசாரித்தால், "நாங்க மூணேர்க் குடும்பமுங்க" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆவணியில் கொல்லிமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து ஒரு ராத்திரி முழுக்கக் கொட்டியது. சோளம் விதைக்கிற மழை. அந்தக் களிமண் காட்டுக்கு ஒரு குணம் உண்டு. மழை விட்டதும் இறங்கினால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. ஒருநாள் வெயில் பட்டால் வெண்ணெய் மாதிரிப் பதத்துக்கு வரும். மேல்காற்று இரண்டு நாள் சேர்ந்தாற்போல் அடித்துவிட்டால் இறுகிக் கல்லாகிவிடும். அந்தப் பதத்துக்குள் உழுது விதைத்தவனுக்குத் தை மாசம் சோளம் உண்டு. விட்டவனுக்கு ரேஷனில் போடுகிற புழுத்த தானியம்தான். சேராத ஜோடி ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு காட்டையும் அந்தப் பதத்துக்குள் முடிக்க முடியாது. மாடு கடன் கேட்கலாம் என்றால் ஊரில் எல்லாருமே அந்த நாளில்தான் ஏர் பூட்டுவார்கள்.

அதனால் இந்த வருஷம் டிராக்டர் பிடிக்கலாம் என்று ஆடி பிறப்பதற்கு முன்னாலேயே நாச்சிமுத்து சொன்னபோது இரண்டு பெண்களுக்கும் சந்தோஷம்தான். ராசிபுரத்து அரிசி மில்லுக்காரர் ஒருவர் புதிதாக ஒரு டிராக்டர் வாங்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஓடுவதற்கு வேண்டிய மண்ணெண்ணெயைக் காட்டுக்காரர்களே கொடுக்க வேண்டும் என்பது அவர் பேச்சு. ரேஷன் எண்ணெய். கந்தம்மாளும் செல்லாயியும் ஆடி மாசம் பூராவும் விளக்கு ஏற்றாமல், பொழுதிருக்கவே சோறாக்கித் தின்றுவிட்டு இருட்டில் படுத்து, அந்த எண்ணெயைச் சேர்த்தார்கள்.

"அக்கா, மெசினு எங்காட்டுக்கும் வருமில்லீங்க?" என்று செல்லாயி கேட்டுக்கொண்டே இருந்தாள். புருஷனின் அண்ணன், மூத்தார்; அவரிடம் நேராக நின்று பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. எதுவாக இருந்தாலும் அக்காள் வழியாகத்தான்.

"வராம எங்க போகுது அம்மிணி? சீமெண்ணெயில பாதி உன்னுது. மொதல்ல ரோட்டோரத்து எங்க காடு, அது முடிஞ்ச கையோட ஓடையோரத்து உங்காடு. ஒரே நாள்ல ரெண்டும் முடிஞ்சுரும்ன்னு சொல்றாங்க."

ரோட்டோரக் காடு மேடு, முதலில் காய்ந்துவிடும், அதனால் அதை முதலில் ஓட்டலாம் என்பது நாச்சிமுத்து சொன்ன காரணம். அது வாஸ்தவமும்கூட. ஆனால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் தன் காட்டில் டிராக்டர் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் நிஜமான காரணம் என்று கந்தம்மாளுக்குத் தெரியும். பார்த்துவிட்டுப் போகட்டும், உழுதால் சரி என்று அவள் விட்டுவிட்டாள்.

டிராக்டர் ஓட்டி வந்தவன் சரவணமுத்து. பள்ளிபாளையத்து நெசவுக் குடும்பத்துப் பையன். தறிக்குழியில் கால் நுழைக்கப் பிடிக்காமல் பட்டாளத்துக்கு ஓடிப்போய், அஸ்ஸாம் பக்கம் லாரி ஓட்டிவிட்டு வந்தவன். வண்டிக்குப் பின்னால் சட்டி மாதிரி குழிந்த மூன்று பெரிய இரும்புத் தட்டுகள் வைத்த கலப்பை இருந்தது. முந்தின நாள் மேலக்காட்டுத் தங்கசாமியின் நிலத்தில் அந்த மூன்று சட்டியும் போட்டுத்தான் உழுதிருந்தான். நாச்சிமுத்துவின் காட்டில் இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தவன், ஸ்பேனரை எடுத்து ஒரு சட்டியைக் கழற்றி வரப்பில் வைத்தான்.

வண்டி உறுமிக்கொண்டு போனது. இரண்டு சட்டியும் மண்ணை அறுத்து அறுத்துப் புரட்டிப் போட்டன. நாட்டுக்கலப்பை ஆயுசுக்கும் தொடாத ஆழத்திலிருந்து கோரைக்கிழங்கு வேரோடு மேலே வந்து விழுந்தது. அந்தக் கோரையோடு கந்தம்மாள் இருபது வருஷமாகக் களைக்கொத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கிறாள். மல்லாந்து கிடந்த அதைக் கண்டதும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கோடிக்குப் போன வண்டி, இந்தப் பக்கம் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் திரும்பி வந்தது. செல்லாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உச்சிக்குள்ள எங்காட்டுக்கு வந்துரும் போல இருக்குதுங்கக்கா" என்றாள்.

வந்திருக்கும். காலாகாலத்தில் வந்திருக்கும். அந்த நேரம் பார்த்துத் தங்கசாமி சைக்கிளில் அந்த வழியாகப் போய்த் தொலைந்தார்.

ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தவர், வரப்பில் கிடந்த சட்டியைப் பார்த்துவிட்டார். "ஏப்பா நாச்சி, எங்காட்டுல மூணு சட்டியோட ஓடுன வண்டி, உனக்கு ரெண்டுதான் போடுதா? ஏன், மூணேர்க் குடும்பத்துல ஓரேரு கொறஞ்சு போச்சாக்கும்?"

சிரித்துக்கொண்டே மிதித்துப் போய்விட்டார். அவருக்கு அது வெற்றிலை எச்சிலைத் துப்புகிற மாதிரி. துப்பினார், மறந்தார். நாச்சிமுத்துவுக்கு முகம் கறுத்துவிட்டது. தலைத்துண்டை உருவி ஆட்டிக்கொண்டே ஓடி, ஓடுகிற வண்டியை நிறுத்தினான்.

"அந்த மூணாவது சட்டிய மாட்டு."

"ஏனுங்ணா, இங்க ஆகாதுங்க. அவுங்குளுது செம்மண்ணு, பொலபொலன்னு உதுரும். இது களி. மூணையும் மாட்டுனா வண்டிக்கு இழுக்கத் தெம்பு பத்தாதுங்க."

"நேத்து மட்டும் தெம்பு எங்கிருந்து வந்துச்சு?"

"வண்டி அதேதானுங்க. மண்ணு வேறங்க."

"மாட்டுங்கறேன், கதை பேசீட்டு நிக்கறயே?"

"அப்ப மேலாக்க ஓட்டறனுங்க. ஆழத்தப் பாதியாக் கொறச்சுட்டா மூணையும் இழுத்துரும். ஆழம் வேணுமுன்னா ரெண்டு, அகலம் வேணுமுன்னா மூணு. ரெண்டும் ஒட்டுக்கா வேணுமுன்னா முடியாதுங்க."

"மேலாக்கக் கீறறதுக்கு மெசினு எதுக்கு? மாட்டுலயே கீறிக்க மாட்டனா? ஆழமும் இதே ஆழம், சட்டியும் மூணு."

கந்தம்மாளுக்கு அதற்கு மேல் வரப்பில் நிற்க முடியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உழவுக்குள் இறங்கினாள். "ஏனுங்க, ஓடறதே நல்லாத்தான ஓடுது. அத எதுக்கு நிறுத்தறீங்க? நம்ம மயிலையையும் செவலையையும் பூட்டி, மூணு மாட்டுப் பாரத்த இழுன்னா இழுக்குமா? அங்கயே படுத்துக்கும். இதும் அப்படித்தானுங்க."

"நீ வரப்புக்குப் போ. ரோட்டுல ஆளு போறது வாரது கண்ணுக்குத் தெரியலையா? ஆம்பளைக பேசற எடத்துல உனக்கென்ன வேல?"

சரவணமுத்து அப்போதாவது முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஸ்பேனர் அவன் கையில்தான் இருந்தது. ஆனால் துரைமார்களுக்குச் சலாம் போட்டுப் பழகிய உடம்பு அவனுக்கு. "உங்க இஷ்டமுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டு மூன்றாவது சட்டியைத் தூக்கி மாட்டினான். தெரிந்தும் செய்கிறவனை என்ன சொல்வது? தெரியாமல் செய்கிறவனையாவது மன்னிக்கலாம்.

வண்டி, கையை விரித்து அளந்தால் பத்துப் பாகம் போயிற்று. அப்புறம் சத்தம்தான் பெரிதாயிற்று, வண்டி நகரவில்லை. பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுழன்று களியை வழித்து எறிந்தன. சக்கரம் பட்ட இடம் வழவழவென்று பளபளத்தது. சரவணமுத்து பின்னால் எடுத்து முன்னால் விட்டான். இன்னும் நாலு பாகம். மறுபடியும் சுழற்சி. "சட்டியக் கழட்டிறட்டுங்களா?" என்று ஒருமுறை கேட்டான். நாச்சிமுத்து ரோட்டைப் பார்த்தான். அதற்குள் அங்கே ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். சும்மா இருந்திருந்தால் யாரும் நின்றிருக்க மாட்டார்கள். சத்தம் கேட்டு நின்றவர்கள். "வெசயா உடு, ஏறிரும்" என்றான்.

வெசையாக விட்டதில் புகை கறுப்பாக வந்தது. மண்ணெண்ணெய் நாற்றம் வரப்பு வரைக்கும் அடித்தது. ஆடி மாசத்து இருட்டு அத்தனையும் அங்கே புகையாகப் போய்க்கொண்டிருந்தது. உழுகிற வண்டி தின்னும் எண்ணெயைவிட நின்ற இடத்தில் சுற்றுகிற வண்டி அதிகம் தின்னும் என்று சரவணமுத்துவே அப்புறம் சொன்னான். அப்புறம் சொல்லி என்ன பிரயோசனம்? பொழுது மேற்கே சாய்ந்தபோது பின்சக்கரங்கள் அச்சு வரைக்கும் புதைந்திருந்தன, எண்ணெய் தீர்ந்திருந்தது. உழுதது, காலையில் இரண்டு சட்டியில் ஓடிய அந்தக் கொஞ்சம்தான். சரவணமுத்து மில்லுக்காரரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ராசிபுரத்துக்கு நடந்தான்.

விளக்கில்லாத வீட்டில், இருட்டு முழுசாக விழுவதற்குள் கந்தம்மாள் கம்பஞ்சோற்றைக் கரைத்து வைத்தாள். நாச்சிமுத்து இரண்டு வட்டில் குடித்தான். அவனுக்குப் பசி எடுத்ததே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

"விடியால நம்ம சோடியையும், உழவு முடிஞ்சு சும்மா நிக்கற தங்கசாமி சோடியையும் பூட்டி வண்டிய மேல தூக்கிறோணும்" என்றான் அவன். "மில்லுக்காரரு வந்து பாத்தா அசிங்கம். ரோட்டோரம் வேற."

"வெதைப்பு?"

"அது கெடக்குது, அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறமுன்னா எப்பங்க? காத்து அடிக்கறது காதுல உழுகலையா? செல்லாயி காடு ஓடையோரம், நாளைக்கும் நாளான்னைக்கும்தான் அதுல ஈரம் நிக்கும்."

"மொதல்ல மானத்தப் பாக்கட்டும் இரு."

வாசற்படியில் செல்லாயி நின்றிருந்தாள். தன் காட்டுக்கு எப்போது என்று கேட்க வந்தவள். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டாள். கேட்டுச் சண்டை போட்டிருந்தால்கூடக் கந்தம்மாளுக்கு ஆறியிருக்கும். அந்தச் சத்தமில்லாத நடைதான் பொறுக்கவில்லை. மானமாம் மானம். புதைந்து நிற்கிற இரும்புக்கு இருக்கிற மானம், இரண்டு பெண்குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒண்டியாகக் கிடக்கிறவளின் கஞ்சிக்கு இல்லையா?

விடியற்காலம் நாச்சிமுத்து கட்டுத்தறிக்குப் போனபோது மாடுகள் இல்லை. கலப்பையும் இல்லை. ஓடையோரத்தில் செல்லாயி காட்டில் மயிலையும் செவலையும் நுகத்தில் பூட்டி நின்றன. கந்தம்மாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். செல்லாயி விதைச் சோளக் கூடையோடு கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள்.

"யாரக் கேட்டுட்டு மாட்ட அவுத்த?" மூச்சு வாங்க ஓடி வந்தான் நாச்சிமுத்து. "ஓட்டு அங்க. தங்கசாமி சோடி வந்து நிக்குது."

"இதுல ஒரு மாடு அவுளுது. அவுளுக்கு உழுதுட்டு அப்பறம் உங்க மானத்தத் தூக்கப் போலாமுங்க."

"பொம்பள சொல்லி நான் ஏரோட்டறதா?"

"ஓட்டாதீங்க. நான் ஓட்டறேன்."

அந்த ஊரில் பெண்பிள்ளை கலப்பையின் மேழியைத் தொட மாட்டாள். தொட்டால் அந்த வீட்டில் ஆண்பிள்ளை இல்லை, செத்தான் என்று அர்த்தம். புருஷன் செத்த செல்லாயிகூட இத்தனை வருஷத்தில் தொட்டதில்லை. கந்தம்மாள் கயிற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை மேழிப் பக்கம் கொண்டுபோனாள்.

"ஏ புள்ள!"

"ரோட்டுல ஆளு போறது வாரது எனக்கும் தெரியுதுங்க. இங்கிருந்தும் ரோடு தெரியும், அங்கிருந்து பாத்தா இதும் தெரியும். நாச்சிமுத்து பொண்டாட்டி ஏரு புடிச்சாளாமுன்னு நாமக்கல்லு வரைக்கும் போகட்டும். நேத்து வரப்புக்குப் போன்னு சொன்னீங்க, போனேன். இன்னைக்குப் போக மாட்டேன். ஓடுன மெசினப் புடிச்சு நிறுத்துனது நீங்க. அத்தன சீமெண்ணெயையும் ஊதுனது நீங்க. தங்கசாமி ஒரு வார்த்த சொன்னதுக்கு நாங்க ஒரு வருசம் பட்டினி கெடக்கோணுமா? புடிக்கறீங்களா, நான் புடிக்கட்டுமா?"

நாச்சிமுத்து ரோட்டைப் பார்த்தான், பெண்டாட்டி கையைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு வந்து மேழியைப் பிடித்தான். அவளை இடித்துத் தள்ளிவிட்டுத்தான் பிடித்தான். இடித்தால் இடிக்கட்டும் என்று அவள் நகர்ந்துகொண்டாள்.

அவன் உழ உழ, பெண்கள் இருவரும் பின்னாலேயே சாலில் சோளம் விட்டுக்கொண்டு போனார்கள். சேராத ஜோடி, மயிலை முந்தும், செவலை பிந்தும். ஆனால் அவன் கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் தளர்த்தி, மயிலையை அதட்டி, செவலையைத் தட்டிக்கொடுத்து, அவற்றின் பலத்துக்குத் தக்க ஆழத்தில் கலப்பையைப் பிடித்துக்கொண்டு போனான். சால் கோணவே இல்லை. அதைப் பார்க்கப் பார்க்கக் கந்தம்மாளுக்கு ஆத்திரம் கூடியது. ஒன்றும் தெரியாத மனுஷனாக இருந்தாலாவது தலையெழுத்து என்று விட்டுவிடலாம். எந்த மாட்டுக்கு எவ்வளவு பாரம் என்று உள்ளங்கையில் வைத்திருக்கிறவன், இரும்பு என்றதும் அதை மறந்தானே!

உச்சி நேரத்தில் மோர் குடிக்க வரப்பில் ஏறியபோது, ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு பாரவண்டிக்காரர் ஓடைக்குத் தண்ணீர் குடிக்க வந்தார். "என்னுங்க, மெசினு நடுக்காட்டுல நிக்குது, நீங்க இங்க மாட்டுல ஓட்டிக்கிட்டு இருக்கறீங்க?"

"அதயேங்க கேக்கறீங்க, மெசினு சரியில்லீங்க" என்றான் நாச்சிமுத்து. "ஓட்ட வந்த பையனும் வேல தெரியாதவன்."

கந்தம்மாள் மோர்ச்செம்பைத் தரையில் வைத்தாள். "பொய்யுங்க. மெசினு நல்ல மெசினு. பையன் வேல தெரிஞ்ச பையன். களிமண்ணுக்கு ரெண்டு சட்டின்னு அவன் மாட்டுனான், தண்ணி மாதிரி ஓடுச்சு. இவருக்கு மூணு வேணுமாம். புதைச்சது இவருதானுங்க."

வண்டிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார். நாச்சிமுத்து வரப்பிலிருந்து இறங்கிப் போய் மேழியைப் பிடித்தான். அன்று பொழுது சாய்கிற வரைக்கும், மறுநாள் மத்தியானம் வரைக்கும் உழுதான். செல்லாயி காடு முழுக்க விதைப்பு விழுந்தது. கடைசிச் சாலுக்கும் மண் தள்ளி மூடிவிட்டுச் செல்லாயி நிமிர்ந்தபோது, இரண்டு நாளில் முதல்முறையாக அவள் முகத்தில் ரத்தம் ஓடியது.

அப்புறம்தான் மூவரும் மாடுகளை ஓட்டிக்கொண்டு ரோட்டோரக் காட்டுக்கு வந்தார்கள். மில்லுக்காரர் யாரிடமோ நாலு ஜோடி பிடித்து வண்டியை மறுநாள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வண்டி நின்றபடியே நின்றது. கலப்பையின் இரண்டு சட்டிகள் மண்ணுக்குள்ளே இருந்தன, மூன்றாவது மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. முந்தாநாள் காலையில் உழுத அந்தக் கொஞ்ச இடமும் கட்டி கட்டியாகக் காய்ந்து கிடந்தது. நாச்சிமுத்து குனிந்து ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தான். உடையவில்லை. கந்தம்மாளிடம் நீட்டினான். அவளும் நசுக்கிப் பார்த்தாள். இரண்டு கையாலும் அழுத்தினாள். தேங்காய் மாதிரி அப்படியே இருந்தது. இனிமேல் இந்தக் காட்டுக்கு இந்த வருஷம் விதைப்பு இல்லை.

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அவன் குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

"போனாப் போகுது, போ. செல்லாயி காடு வெதைச்சாச்சில்ல? அதுல வெளையறது ரெண்டு ஊட்டுக்கும் பத்தும்."

செல்லாயி தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாங்கக்கா, ரெண்டு ஊட்டுக்கும்தானுங்க" என்றாள் மெதுவாக. மூத்தாருக்கு மறுத்துச் சொல்லத் தெரியாத வாய்.

"வாய மூடு அம்மிணி!" கந்தம்மாள் போட்ட சத்தத்தில் மயிலை மிரண்டு திரும்பியது. "ஏனுங்க, வெக்கமா இல்ல? அது அவ சோளம். அதுல ஒரு மணி நம்மூட்டு அடுப்புக்கு வந்துச்சுன்னா நான் அந்த அடுப்பயே இடிச்சுப்போடுவேன். மூணேர்க் குடும்பமில்ல? மூணேர்க் குடும்பத்துக்காரரு ரேஷன் கடையில வரிசையில நின்னு வாங்கி எங்களுக்குக் கஞ்சி ஊத்துங்க!"

கையில் இருந்த கட்டியை ஓங்கி வீசினாள். அது போய் மூன்றாவது சட்டியில் விழுந்து, கோயில் மணி மாதிரி கணீரென்றது. கட்டி அப்போதும் உடையவில்லை. ரோட்டில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆளு பாக்கறாங்க புள்ள" என்றான் நாச்சிமுத்து, தணிந்த குரலில்.

கந்தம்மாள் குனிந்து, அதைவிடப் பெரிய கட்டியாகப் பார்த்து எடுத்தாள்.